எக்கிப் பிடித்த வயிறு: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு குறிப்பு. இதில் வரும் பெண் ஒரே ஒருவர் அல்லர். பெண்கள் உடல்நலப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றும் என்னிடம் வந்த சிலரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். புனைபெயர்கூட வைக்கவில்லை. வைத்தால் சிங்கப்பூரில் எங்காவது ஓர் அத்தை, "இது நம்ம இன்னாருடைய மகள்தானே" என்று ஊகித்துவிடுவார். சிறிய ஊர்.

வந்த காரணம்

வயது 38. பாலர் பள்ளி ஆசிரியர். இரண்டு பிள்ளைகள், இரண்டும் அறுவை சிகிச்சை இல்லாத பிரசவம். இரண்டாவது குழந்தை 3.8 கிலோ, உறிஞ்சுகருவி வைத்து எடுத்தார்கள், தையலும் போட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், பஸ்ஸைப் பிடிக்க நான்கு எட்டு ஓடினால் சிறுநீர் கசிகிறது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவருக்கும் தெரியாது. பலதுறை மருந்தகத்துக்குப் போனதே இடுப்புவலிக்காகத்தான். மருத்துவர் வழக்கமான கேள்விகளோடு இதையும் கேட்டிருக்கிறார். இவர் தலையை மட்டும் அசைத்திருக்கிறார். சிறுநீரில் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பினார்கள்.

புதிதாக வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது சரியானால் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்பது. ஓட வேண்டும், பேட்மிண்டன் ஆட வேண்டும், நாப்கின் செலவு குறைய வேண்டும் என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். இவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பால்குடம் எடுக்க வேண்டும் அக்கா" என்றார்.

திருமணத்துக்கு முன்பிருந்தே தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து வந்தவர். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு மூன்று நான்கு கிலோமீட்டர் நடை. கூட்டம் நின்று நின்று நகரும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவர் போகவில்லை. "பாதி வழியில் நனைந்துவிட்டால், அந்த ஈரத்தோடு முருகன் முன்னால் எப்படி நிற்பது?" என்று கேட்டார். சாத்திரம் பேச நான் குருக்கள் இல்லை. அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அடுத்த தைப்பூசம் 2025 பிப்ரவரி 11. அப்போது நடந்துகொண்டிருந்தது 2024 ஜூலை. போதுமான அவகாசம்.

முதலில் கண்ணில் பட்டது

கசிவைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார். ஆனால் என் கவனம் அவருடைய வயிற்றின் மேல் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். பையை மேசைமேல் வைக்கலாமே என்று சொன்னபோது, துப்பட்டாவை இழுத்து அந்த இடத்தில் மூடினார். கட்டிலில் படுக்கச் சொன்னேன். மூச்சு இழுக்கும்போது மார்பு மட்டும் மேலே ஏறியது; வயிறு பலகைபோல் அசையாமல் கிடந்தது. "வயிற்றைத் தளர்த்திக்கொள்ளுங்கள்மா" என்றேன். "தளர்த்தித்தான் இருக்கிறேன்" என்றார். அவர் கையையே எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தேன். தொட்டுப் பார்த்த பிறகுதான் அது இறுகிக் கிடப்பது அவருக்குத் தெரிந்தது. அப்போதும் விடத் தெரியவில்லை. விட்டால் எங்கே போய் நிற்கும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

எப்போதிலிருந்து இப்படி எக்கிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: "தொடக்கநிலை நான்கிலிருந்து."

பள்ளி, சொந்தபந்தம், தேக்கா

1986ல் பிறந்தவர். 1992ல் கல்வி அமைச்சு பள்ளிகளில் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் இந்தத் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். உயரத்துக்கு ஏற்ற எடையைத் தாண்டிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பல பள்ளிகளில் அது இடைவேளையில் நடந்தது. மற்ற பிள்ளைகள் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர்கள் திடலைச் சுற்றி ஓடுவார்கள். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான TAF என்பதைத் திருப்பி FAT (குண்டு) என்று படித்து மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். பிள்ளைகளின் உடற்பருமனைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதிலிருந்து கிடைத்த பாடம், தன் உடம்பு எல்லாரும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொருள் என்பதுதான். 2007ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் வேறொரு முறைக்கு மாறினார்கள். அதற்குள் இவர் பள்ளியை விட்டு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

எடை பார்க்கும் நாளில் வரிசையில் நிற்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் எடை குறைவாகக் காட்டும் என்று தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். எடை குறையவில்லை, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வீட்டிலும் விடவில்லை. நம் குடும்பங்களில் "வா, சாப்பிட்டாயா" என்பதற்கு முன்பே "என்ன இப்படிப் போட்டுவிட்டாய்" என்று கேட்கும் பெரியம்மாக்கள் உண்டு. அவர்களை நான் வில்லிகளாகப் பார்ப்பதில்லை. பாசத்தைக் காட்ட அவர்களுக்குப் பழகிய வழி அது. ஆனால் கேட்பவருக்கு அது பாசமாகப் போய்ச் சேருவதில்லை. இவருக்கு நிறத்தைப் பற்றியும் சேர்த்துக் கிடைத்தது. கடைத்தொகுதிகளில் ஆயத்த ஆடை எடுக்கப்போனால் தன் அளவு இருக்காது என்று தெரிந்தே போவார். விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இவர் கேட்பதற்கு முன்பே கையை விரிப்பாள்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் நடந்த ஒன்று. தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடைகள் இருக்கின்றன. தம்பி திருமணத்துக்காக அளவு கொடுக்கப் போயிருக்கிறார். டெய்லர் அக்கா நாடாவைச் சுற்றியதும் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த அம்மாள் நாடாவைத் தளர்த்திவிட்டு, "மூச்சை விடும்மா. எக்கிக்கொண்டு நின்றால் எக்கிக்கொண்டு நிற்கிற உடம்புக்குத்தான் நான் தைக்க முடியும். அப்புறம் முகூர்த்தம் முடியும்வரை அப்படியே நிற்பாயா?" என்று கேட்டிருக்கிறார். இவர் மூச்சை விடவில்லை. ரவிக்கை இறுக்கமாகவே வந்தது. திருமணத்தன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

நான் ஒரு மணி நேரம் படம் வரைந்து விளக்கியிருக்க வேண்டிய உடலியலை அந்த டெய்லர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

உள்ளே என்ன நடக்கிறது

இடுப்பெலும்பின் அடியில் முன்னிருந்து பின்னாகத் தூளிபோல் கட்டியிருக்கும் தசைகளை இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை அவையே. மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும், வயிறு முன்னால் வரும், இடுப்புத்தளமும் சற்றுக் கீழே இறங்கும்; மூச்சை விடும்போது எல்லாம் மேலே வரும். வயிற்றை எப்போதும் எக்கியே வைத்திருந்தால் இந்த ஏற்ற இறக்கம் நடப்பதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் முன்பக்கமாகப் போக வழியின்றிக் கீழே தள்ளுகிறது.

எக்கியதால்தான் கசிவு வந்தது என்று நான் சொல்லவில்லை. கசிவுக்கு முதற்காரணம் பிரசவம்; பெரிய குழந்தை, உறிஞ்சுகருவி, தையல் என்று வேண்டிய காரணங்கள் எல்லாம் இருக்கின்றன. தளர்ந்துபோன தசை மீண்டு வருவதற்கு இந்தப் பழக்கம் இடைஞ்சலாக இருந்தது என்பதே என் கணிப்பு. பிரசவத்துக்குப் பிறகு மலாய்க்காரப் பாட்டி ஒருவர் வீட்டுக்கு வந்து உடம்பு பிடித்துவிட்டு, பெங்குங் துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். சிங்கப்பூரில் இனம் பார்க்காமல் எல்லாரும் செய்துகொள்ளும் வழக்கம் இது. அளவோடு கட்டினால் இதமாக இருக்கும். இவருடைய மாமியாரோ, "வயிறு உள்ளே போக வேண்டாமா" என்று தினமும் இரண்டு சுற்றுக் கூடுதலாக இறுக்கியிருக்கிறார்.

எடையைப் பற்றியும் பேசியாக வேண்டும். இவருடைய உடல் எடைக் குறியீடு 28க்குச் சற்று மேல். ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினால் கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் நீரிழிவு, இதயநோய் அபாயம் அதிகம் என்பது சிங்கப்பூரில் பின்பற்றும் வரம்பு. அதிகப்படியான எடை கசிவையும் கூட்டும். 2009ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல் எடையில் சுமார் 8 விழுக்காட்டைக் குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆகவே எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஆனால் இவரிடம் எடையிலிருந்து தொடங்கியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். நானும் அங்கிருந்தே தொடங்கினால் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார் என்று தோன்றியது. அதைத் தள்ளி வைத்தேன்.

பரிசோதனை

மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு எழுதி வரச் சொன்னேன். எத்தனை முறை போகிறார், எவ்வளவு குடிக்கிறார், எப்போது கசிகிறது என்ற கணக்கு. பெரும்பாலானவர்கள் பகலில் ஆறு முதல் எட்டு முறை போவார்கள். இவர் வேலை இல்லாத நாளில் பதினான்கு முறை போயிருக்கிறார். வகுப்பு இருக்கும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் ஒரு கோப்பி, மதியம் ஒரு தே, அவ்வளவுதான். அதனால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் முக்கல், முக்குவதால் அதே தசை இன்னும் தளர்கிறது. மதிய உணவைத் தவிர்த்துவிட்டு இரவு பத்து மணிக்குமேல் சமையலறையில் நின்றபடியே சாப்பிடும் பழக்கமும் அந்தக் குறிப்பில் தெரிந்தது. அதை மனநல ஆலோசகரிடம் ஒப்படைத்தேன். அது என் கைக்கு உட்பட்டதன்று.

கசிவின் கடுமையை அளக்கும் கேள்வித்தாளில் 21க்கு 14 வந்தது. நடுவயிற்றில் தசைகள் மூன்று விரல் அகலத்துக்கு விலகியிருந்தன.

உள்பரிசோதனைக்கு முதல் இரண்டு சந்திப்புகளிலும் அவர் சம்மதிக்கவில்லை. வற்புறுத்தவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவருக்கு இதில் என்ன கூச்சம் என்று என் சக ஊழியர் ஒருவர் கேட்டார். பிரசவ அறையில் பலர் கை வைத்த பிறகும் தன் கை அங்கே போகாத பெண்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பதில். மற்றவர்கள் பார்த்த இடத்தை அவர் பார்த்ததில்லை. வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த முறை வந்து, "பார்த்தேன் அக்கா. ஒன்றும் இல்லை" என்றார்.

"ஒன்றும் இல்லை என்றால்?"

"பயப்படுகிறமாதிரி ஒன்றும் இல்லை."

மூன்றாம் சந்திப்பில் பரிசோதித்தோம். போர்வை போர்த்தி, செவிலியர் ஒருவர் உடனிருக்க, எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம் என்ற ஏற்பாட்டோடு. தசையை உள்ளே இழுக்கச் சொன்னால் எதிர்த்திசையில் முக்கினார். பிட்டத்தை இறுக்கினார், மூச்சைப் பிடித்தார், வயிற்றை எக்கினார். வேலை செய்ய வேண்டிய தசை சும்மா இருந்தது. இது அவருக்கு மட்டும் உள்ள குறை அன்று. வாயால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் சரியாகச் செய்ய வராதவர்கள் கணிசமானவர்கள். "பெரியவர்கள் நிறைந்த சபையில் வாயு பிரியப் பார்க்கிறது, அடக்க வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது. அப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சிரித்ததும் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தன்னை அறியாமல் உள்ளே இழுத்தார். அதுதான் அந்தத் தசை. "இதுவா!" என்றார். வலிமை ஐந்துக்கு இரண்டு. மூன்று விநாடிக்குமேல் நிற்கவில்லை.

சிகிச்சை

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948ல் இந்தத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார். இன்றும் அடிப்படை அதுதான். பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டுச் சுருக்கம், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் என்கிறது. இவருக்குக் காலையில் எம்ஆர்டி ரயிலில் ஒரு வேளை, பாலர் பள்ளியில் பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் ஒரு வேளை, இரவு படுக்கையில் ஒரு வேளை என்று பிரித்துக்கொண்டோம். இருமலோ தும்மலோ வரும் என்று தெரிந்தவுடன் அதற்கு முந்தைய கணத்தில் தசையை இறுக்கிக்கொள்ளவும் கற்றார். தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கு ஏறியது. கழிப்பறையில் காலடியில் சிறிய முக்காலி.

இவ்வளவும் பாடப்புத்தகம். நேரம் பிடித்தது இன்னொன்று: வயிற்றை விடுவது. முதல் மாதம் முழுவதும் அதிகமாகச் செய்தது இதைத்தான். படுத்த நிலையில் வந்தது, உட்கார்ந்தால் வரவில்லை, நின்றால் அறவே வரவில்லை. தனியாக இருந்தால் வந்தது. நான் பார்த்தால் போய்விட்டது. அதனால் நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசிய சந்திப்புகள் உண்டு. ரயிலில் ஒரு நிறுத்தம் முதல் அடுத்த நிறுத்தம் வரை பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, வயிற்றை அதன் போக்கில் விட்டு உட்கார வேண்டும் என்பது வீட்டுப் பாடம். முதல் வாரம் ஈசூனிலிருந்து காத்திப்வரை, ஒரே நிறுத்தம். அதற்கே வியர்த்துவிட்டது என்றார். மாத முடிவில் பீஷான்வரை நீண்டது.

எட்டாவது வாரத்தில் சளிக்காய்ச்சல் வந்தது. வகுப்பில் இருமி, பிள்ளைகள் முன்னால் நனைந்துவிட்டது. ஒரு குழந்தை, "டீச்சர், தண்ணி கொட்டிடுச்சா?" என்று கேட்டிருக்கிறது. இரண்டு சந்திப்புகளை ரத்து செய்தார். தொலைபேசியில் அழைத்தபோது, "எனக்கு இது வராது அக்கா" என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. காய்ச்சலில் நாளுக்கு எத்தனை முறை இருமியிருப்பீர்கள், அதில் எத்தனை முறை கசிந்தது என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வந்தார்.

அந்தச் சந்திப்பில்தான் கணவரிடம் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். நான்கு ஆண்டுகளாக விளக்கை அணைத்தே பழகியதற்கும் விலகிப் படுத்ததற்கும் தன்மேல் உள்ள கோபம்தான் காரணம் என்று கணவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதற்குமேல் விவரம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பரில் பால்குடப் பயிற்சி. என் அறையில் இரண்டு கிலோ மணல்பையைத் தலைமேல் வைத்து, மூச்சைப் பிடிக்காமல் நடப்பது. வீட்டில் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, இரவு பதினொரு மணிக்கு மேல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நடந்திருக்கிறார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் அவர் நடக்கும் நேரத்துக்குத் தன் செருப்பு அலமாரியை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாராம்.

விளைவு

ஆறாம் மாத இறுதியில் கேள்வித்தாளில் 5. தசை வலிமை நான்கு. ஒன்பது விநாடி நிற்கிறது. வயிற்றுத் தசை விலகல் இரண்டு விரல். பகலில் ஏழெட்டு முறை கழிப்பறை. எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. அதை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார், பெரிய செய்தியாகவும் சொல்லவில்லை.

தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தார். டேங்க் ரோட்டை நெருங்கும்போது, கூட்டம் நின்றுபோன இடத்தில், கொஞ்சம் கசிந்திருக்கிறது. முன்னெச்சரிக்கையாக நாப்கின் வைத்திருந்தார். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, நடந்தேன்" என்றார்.

எப்படிப் புரிந்துகொள்வது

கசிவு குறைந்ததால் தன்னம்பிக்கை வந்தது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அந்த வாதத்தை நானும் எடைபோட்டுப் பார்த்தேன். ஆனால் வரிசை அப்படி அமையவில்லை. ரயிலில் பையை மடியிலிருந்து எடுத்தது இரண்டாம் மாதத்துக்கு முன்பே; கசிவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது நான்காம் மாதத்தில். காய்ச்சலுக்குப் பின் மனம் உடைந்திருந்த வாரத்திலும் பை காலடியிலேயே இருந்தது. வயிற்றை விடக் கற்றது முந்தியது; மற்றவை பின்னால் வந்தன. நான்கைந்து பேரின் அனுபவத்தைக் கலந்து எழுதிய ஒரு நிகழ்விலிருந்து இதை விதியாக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னிடம் வருவதற்கு முன்பு அவர் ஒரு பயிலரங்குக்குப் போயிருக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று, "நான் அழகாக இருக்கிறேன்" என்று தினமும் சொல்லச் சொன்னார்களாம். பத்து நாள் சொன்னார். "பொய்ச் சாட்சி சொல்கிறமாதிரி இருந்தது அக்கா." அப்படிச் சொல்வது சிலருக்கு உதவலாம்; அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒன்பது வயதிலிருந்து பார்வையாலேயே அளக்கப்பட்ட ஒருவரிடம், மறுபடியும் கண்ணாடியில் பார்த்து இந்த முறை நல்ல மதிப்பெண் போடச் சொல்வது, அதே பரீட்சையைத் திரும்ப எழுதச் சொல்வதுதான். அவருக்கு உதவியது பரீட்சையே இல்லாத ஓரிடம். இந்தத் தசை இழுக்கிறதா, மூச்சு இங்கே வருகிறதா, குடம் தலையில் நிற்கிறதா என்ற கேள்விகளுக்கு அழகு, அசிங்கம் என்று விடை சொல்ல முடியாது. வயிறு அழகாக இருக்கிறது என்று அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

முடியாத காரியங்களும் இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுப் பழக்கத்துக்காக ஆலோசகரிடம் போவது தொடர்கிறது. நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவார், தான் இறங்குவதில்லை. குடும்பத்தில் பெரியம்மாக்கள் மாறவில்லை.

இப்போது என்னிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். 30 வயதைத் தாண்டிய பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்துகொள்ள வேண்டிய எச்பிவி (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனையை அவர் இதுவரை ஒருமுறைகூடச் செய்ததில்லை. கடிதம் வந்தபோதெல்லாம் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாராம். போன மாதம் மருந்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். பெண் மருத்துவர் வேண்டும், என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் விளக்கிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைப் பதிவின்போதே சொன்னதாகத் தெரிவித்தார்.